முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் 20 மாதப் பயிற்சி: என் அனுபவம்

எனக்கு 63 வயது. தேய்ந்துபோன இடது முழங்காலுக்கு முழு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு 20 மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு வீட்டில் செய்துவரும் பயிற்சிகளையும் அதற்காக வாங்கிய பொருள்களையும் பற்றி, அறுவைக்கு நாள் குறித்துவிட்டு அச்சத்தோடு காத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கால் எவ்வளவு மடங்குது?" நானும் அதையே பெரிதாக எண்ணி, ஐந்தாம் வாரத்தில் 95 பாகையை எட்டியபோது கண்டம் தாண்டிவிட்டதாக மகிழ்ந்தேன். ஆனால், இரவில் இதமாக இருக்கிறதே என்று, வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்ததால், கால் முழுமையாக நீளாமல் 10 பாகை வளைந்தே நின்றுவிட்டது. வளைந்த காலில் நிற்கும்போது தொடைத்தசை ஓய்வின்றி இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அதனால் சமையலறையில் பத்து நிமிடம் நின்றாலே தொடை கடுக்கும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைத் தாங்கலின்றி விட்டு, நாளுக்கு மூன்று முறை பத்து நிமிடம் படுத்துக் கிடந்து அதைச் சரிசெய்ய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

தொடை வலு திரும்புவதற்கு இதைவிடக் காலம் பிடித்தது. மூட்டில் நீர் கோத்து வீங்கியிருக்கும்வரை, தொடையின் முன்தசையை முழுமையாக இயங்கவிடாமல் நரம்பு மண்டலமே தடுத்துவிடுகிறது. காலை நீட்டித் தூக்கச் சொன்ன முதல் நாளில், என் கால் என் சொல் கேளாமல் கிடந்தது இன்றும் நினைவிருக்கிறது. ஆகவே வீக்கத்தையே அளவுகோலாகக் கொண்டேன். மாலையில் கூடிய வீக்கம் மறுநாள் காலையில் வடியாவிட்டால், அன்றைய எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, துணி சுற்றிய ஐஸ் பையை 15 நிமிடம் வைப்பேன்.

வாங்கிய பொருள்களில் ரப்பர் பட்டை ஏழாம் மாதம் வெயிலில் பிசுபிசுத்து அறுந்தது. மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நிறத்தை வைத்து விறைப்பைக் கணக்கிடுவதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இரண்டாவதாக வாங்கிய பச்சை, பழைய சிவப்பைவிடத் தளர்வாக இருந்தது. நிலைமிதிவண்டியில் முழுச் சுற்று சுற்றும் அளவுக்குக் கால் மடங்காத நாள்களில், இருக்கையை உயர்த்தி முன்னும் பின்னுமாக அரைச்சுற்று மிதித்தது ஓரளவு உதவியது. கணுக்காலில் கட்டும் எடைப்பை எனக்கு வீண் செலவு.

பெரிதும் பயன்பட்டவை சாப்பாட்டு மேசை நாற்காலியும் இரண்டு எடை பார்க்கும் கருவிகளும்தான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவேன். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழ் என்பது கணக்கு. மூன்றாம் மாதம் 6, ஓராண்டில் 11, இப்போது 14. ஓராண்டு முடிவில் என் இயன்முறை மருத்துவர் இரு பாதங்களுக்கும் கீழே ஒவ்வொரு எடைக்கருவியை வைத்து நிற்கச் சொன்னார்: வலப்பக்கம் 41 கிலோ, இடப்பக்கம் 23. எண்ணிக்கை கூடியதெல்லாம் வலக்காலின் உழைப்பு என்பது அப்போதுதான் விளங்கியது. அன்று முதல் முள்ளைப் பார்த்தபடியேதான் எழுகிறேன்.

சம்மணமிட்டு உட்காருவதை விட்டுவிட்டேன்; பந்தியில் மேசை போடும் வழக்கத்தை ஒருகாலத்தில் குறை சொன்னவள், இப்போது அதைத்தான் தேடுகிறேன். தழும்புக்கு வெளிப்புறம் உள்ளங்கையளவு மரத்தே இருக்கிறது. படி இறங்கும்போது கைப்பிடியில் கை வைக்கிறேன். வாரம் மூன்று நாள் பயிற்சி தொடர்கிறது. சென்ற வாரம் வலம் 33, இடம் 31.