ஷோத்கங்கா ரிவ்யூ: உள்ள சரக்கு ஏராளம், எடுக்கத் தெரியணும்

பிஎச்டி சேர்ந்த உடனே சீனியருங்க சொல்ற முதல் வார்த்தை "ஷோத்கங்காவுல போய் பாரு"ங்கறதுதான், ஆனா போய் என்னத்த பாக்கணும், எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. அதான் இந்த ரிவ்யூ. மார்க்க முதல்லயே சொல்லிடறேன்: உள்ள இருக்கற சரக்குக்கு 5க்கு 5, அத தேடி எடுக்கற வசதிக்கு 5க்கு 2. லாகின் வேணாம் காசு வேணாம்ங்கறதுக்காக ஒரு அரை மார்க் கூட போட்டுக்கலாம்.

புதுசா வந்தவங்களுக்கு சுருக்கமா. இந்தியாவுல இருக்கற யூனிவர்சிட்டிங்க குடுத்த பிஎச்டி தீசிஸ் எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கற சைட் இது, குஜராத் காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட் சென்டர் நடத்துது. 2009ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட ரூல்லதான் தீசிஸோட சாஃப்ட் காப்பிய கண்டிப்பா குடுக்கணும்னு வந்துச்சு, 2016 ரூல்ல டிகிரி அறிவிக்கறதுக்கு முன்னாடியே அனுப்பணும்னு ஆக்கிட்டாங்க. இப்ப 5 லட்சம் தீசிஸுக்கு மேல இருக்கு. நம்ம ஊர்லருந்து அண்ணா யூனிவர்சிட்டி, மெட்ராஸ் யூனிவர்சிட்டி ரெண்டும் நிறைய ஏத்தியிருக்காங்க. முன்னெல்லாம் ஒரு தீசிஸ கைடும் எக்ஸாமினரும் படிச்சா அதோட சரி, அப்புறம் அது லைப்ரரி பீரோவுல கருப்பு பைண்டிங்கோட தூங்கும். இப்ப தென்காசில இருக்கற ஒரு எம்ஏ ஸ்டூடன்ட் அஸ்ஸாம்ல பண்ண ஆராய்ச்சிய மொபைல்ல திறந்து பாக்கலாம், இது சாதாரண விஷயம் இல்லைங்க.

சரி, யாருக்கு எதுக்கு யூஸ் ஆகும்? இங்கதான் நிறைய பேர் தப்பான இடத்துல கை வைக்கறாங்க. எல்லாரும் நேரா ரெண்டாவது சாப்டர திறந்து லிட்ரேச்சர் ரிவ்யூவ (அதுவரைக்கும் வந்த ஆய்வுங்களோட தொகுப்பு) அள்ளப் பாக்கறாங்க, ஆனா ஒரு தீசிஸ்ல சீக்கிரம் பழசாகறதே அந்த சாப்டர்தான். உண்மையான சரக்கு மெத்தடாலஜிலயும் (ஆய்வு பண்ண முறை) அப்பெண்டிக்ஸ்லயும்தான் (பின்னிணைப்பு) இருக்கு.

சயின்ஸ் ஆளுங்க கெமிஸ்ட்ரிய வெச்சே பாருங்க. ஜர்னல் பேப்பர்ல ஒரு காம்பவுண்ட எப்படி தயாரிச்சாங்கன்னு நாலு வரி இருந்தா பெரிய விஷயம், அதுவே தீசிஸ்ல எந்த சால்வென்ட், என்ன விகிதம், எத்தன மணி நேரம் கொதிக்க வெச்சு ரிஃப்ளக்ஸ் பண்ணாங்க, கிடைச்ச அளவு (யீல்டு) ஏன் கம்மியாச்சு, கலவைய பிரிக்கற குழாய்ல (column) எது முதல்ல இறங்குச்சுன்னு பொறுமையா எழுதியிருப்பாங்க, என்எம்ஆர் ஸ்பெக்ட்ரம் எல்லாம் பக்கம் பக்கமா இருக்கும். வேலைக்காகாத ரூட்டும் சில சமயம் எழுதியிருப்பாங்க, பேப்பர்ல அத யாரு போடுவா? புது லேப்ல சேர்ந்து ஒண்ணும் ஓடாம முழிக்கறவங்களுக்கு ரிவ்யூ ஆர்ட்டிக்கிள விட இதுதான் உதவும்.

எஜுகேஷன் டிபார்ட்மென்ட் கதை வேற. இங்க தீசிஸ் எக்கச்சக்கமா இருக்கு, ஆனா பாதி ஒரே அச்சு: ஹையர் செகண்டரி பசங்களோட இந்த மனப்பான்மைக்கும் அந்த மார்க்குக்கும் உள்ள தொடர்பு, ஆண் பெண், கிராமம் நகரம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி, டி டெஸ்ட், அனோவான்னு ரெண்டு புள்ளியியல் சோதனை, முடிஞ்சுது. சாம்பிள் 384ன்னு பாத்தீங்கன்னா எத்தன பேர எடுக்கணும்னு கிரெஜ்சி, மார்கன்னு ரெண்டு பேர் 1970ல போட்ட டேபிள்லருந்து எடுத்துட்டாங்கன்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். ஆனாலும் இத ஒதுக்காதீங்க, ஏன்னா தமிழ்ல தயாரிச்ச கேள்வித்தாள், ஸ்கேல் எல்லாம் அப்பெண்டிக்ஸ்ல அப்படியே கிடைக்கும். பைலட் ஸ்டடில (முன்னோட்ட ஆய்வு) எந்த கேள்விய தூக்கினாங்க, ரிலையபிலிட்டி (நம்பகத்தன்மை) எவ்வளவு வந்துச்சுன்னும் இருக்கும். வெளிநாட்டு ஸ்கேல தமிழாக்கி பசங்க கைல குடுத்தா என்னென்ன சிக்கல் வரும்னு இங்கதான் தெரியும். ஆனா அந்த கேள்வித்தாளையோ ஸ்கேலையோ எடுத்து யூஸ் பண்ணணும்னா அத உருவாக்கினவர் கிட்ட ஒரு மெயில் போட்டு பர்மிஷன் கேளுங்க, சைட்ல இருக்குன்னா எடுத்துக்கலாம்னு அர்த்தம் இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது கலை, இலக்கியம், நாட்டார் வழக்காறு பக்கம். புத்தகமா வராத தாலாட்டும் ஒப்பாரியும், கூத்து வாத்தியாருங்க பேட்டி, குலதெய்வக் கதை, ஒரு வட்டாரத்து சொல் பட்டியல்னு பின்னிணைப்புல குவிஞ்சு கிடக்கு. அந்தப் பாட்டப் பாடின பாட்டி இன்னைக்கு இருப்பாங்களான்னு தெரியாது, பாட்டு மட்டும் யாரோ ஒரு ஸ்காலரோட தீசிஸ் கடைசில இருக்கு. ஆய்வுரை சுமாரா இருந்தாக்கூட களத்துல சேகரிச்சது வீண் போகாது, அதனால இந்தத் துறை தீசிஸ பின்னாடிலருந்து படிங்கன்னுதான் சொல்லுவேன். ஒரே உறுத்தல் என்னன்னா தகவலாளர் (களத்துல தகவல் சொன்னவங்க) பட்டியல்ல பேர், வயசு, ஊர், சாதி எல்லாம் அப்படியே போட்டு ஏத்தறாங்க. அச்சுல நாலு காப்பி இருந்த காலத்து பழக்கம் அது, உலகமே பாக்கற சைட்ல அது தேவையா?

இப்ப குறை. ஒரு தீசிஸ் ஒரே பிடிஎஃப்பா இருக்காது, டைட்டில், சர்ட்டிஃபிகேட், டிக்ளரேஷன், ஒவ்வொரு சாப்டர்னு துண்டு துண்டா இருக்கும். 80ன்னு ஆரம்பிச்சு ரெக்கமண்டேஷன்னு பேர் போட்ட ஒரு ஃபைல் இருக்கும், நிறைய பேர் அத ஏதோ சிபாரிசு லெட்டர்னு விட்டுடறாங்க. பெரும்பாலும் அதுலதான் முடிவுரை இருக்கும், அத முதல்ல படிச்சிட்டு மிச்சம் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க, நெட் பேக்கும் மிச்சம்.

தேடறது அடுத்த தலைவலி. தமிழ் தீசிஸ் தலைப்ப பல இடத்துல ஆங்கில எழுத்துல ஏத்தியிருப்பாங்க, அதுலயும் சிலப்பதிகாரத்துக்கு ஒருத்தர் எச் போடுவாரு ஒருத்தர் போடமாட்டாரு, சங்கத்துக்கு ஒருத்தர் கே, ஒருத்தர் ஜி. ஒரே ஸ்பெல்லிங்ல தேடிட்டு "யாருமே பண்ணல, ரிசர்ச் கேப் இருக்கு"ன்னு டிசி மீட்டிங்ல (டாக்டோரல் கமிட்டி) போய் நின்னுடாதீங்க. சர்ச் பாக்ஸ விட்டுட்டு யூனிவர்சிட்டி, அப்புறம் டிபார்ட்மென்ட்னு உள்ள போய் லிஸ்ட்ட வரிசையா பாக்கறதுதான் பெஸ்ட். இதுல ஒரு நுணுக்கம், காலேஜ்ல பண்ண ஆய்வும் அது சேர்ந்திருக்கற யூனிவர்சிட்டி பேர்லதான் வரும். பாளையங்கோட்டை சேவியர்ஸ் காலேஜ்ல பண்ண நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு வேணும்னா மனோன்மணியம் சுந்தரனார் யூனிவர்சிட்டிக்குள்ள போய்தான் தேடணும்.

பழைய தமிழ் தீசிஸ் திறந்தீங்கன்னா இன்னொரு கூத்து. சிலது ஸ்கேன் படம், சிலது பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணது, கண்ணுக்கு தமிழா தெரியும், காப்பி பண்ணி ஒட்டினா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டும். தமிழ்நாடு அரசு 2010லயே யுனிகோட தரநிலையா அறிவிச்சாச்சு, டைப்பிங் சென்டருக்கு அந்த சேதி போய் சேர ரொம்ப வருஷம் ஆச்சு. இதுக்கு வழி, பக்கங்கள படமா கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல திறந்தா எழுத்த படிச்சு யுனிகோடா மாத்திக் குடுக்கும். ஃபைல் பெருசா இருந்தா சின்னதா வெட்டி ஏத்துங்க, பாட்டும் அட்டவணையும் கொஞ்சம் கலையும், உரைநடை ஓரளவு நல்லாவே வருது.

காப்பி அடிக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. 2018 யுஜிசி ரூல் படி மத்தவங்க எழுத்தோட 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா ஒண்ணும் இல்ல, 10லருந்து 40 வரைக்கும்னா திருத்தி ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும், 40லருந்து 60ன்னா ஒரு வருஷம் திருத்தின காப்பியக்கூட குடுக்க முடியாது, 60 தாண்டினா ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல். 2019லருந்து ஷோத்சுத்தின்னு ஒரு திட்டத்துல காப்பிய செக் பண்ற சாஃப்ட்வேரையும் இதே இன்ஃப்ளிப்நெட்தான் யூனிவர்சிட்டிங்களுக்கு குடுக்குது, சரக்கும் அவங்ககிட்ட தராசும் அவங்ககிட்ட, யோசிச்சுக்கோங்க.

இதுலயே எல்லாம் இருக்கும்னு நம்பவும் வேணாம். பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு தனி தீசிஸ் சைட் இருக்கு, ஐஐடிங்க யுஜிசி ரூலுக்குள்ள வராததால அவங்க லைப்ரரி பக்கத்தயும் தனியா பாத்துடுங்க. அதே மாதிரி நடந்துட்டிருக்கற ஆய்வோட சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) எல்லாம் ஷோத்கங்கோத்ரின்னு இன்னொரு சைட்ல இருக்கு, தலைப்பு முடிவு பண்றதுக்கு முன்னாடி அங்க ஒரு எட்டு போயிட்டு வாங்க, வேற யாராவது அதே தலைப்புல ரெண்டு வருஷமா உக்காந்திருக்கலாம்.

கடைசியா, வைவா (வாய்மொழித் தேர்வு) முடிச்சு தீசிஸ் ஏத்தப்போறவங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட். சிடிய லைப்ரரில குடுத்தோமா வந்தோமான்னு இருக்காதீங்க. தலைப்பு, கீவேர்டு, சுருக்கம் மூணையும் தமிழ் யுனிகோட்லயும் இங்கிலீஷ்லயும் நீங்களே டைப் பண்ணி ஃபைலோட குடுங்க, அப்பெண்டிக்ஸ் விட்டுப்போகாம இருக்கான்னு பாருங்க, தகவலாளர் விலாசம் இருந்தா எடுத்துடுங்க. ஏத்தின அப்புறம் உங்க பேர அங்க ஒரு தடவ தேடிப்பாருங்க, கிடைக்கலன்னா அன்னைக்கே லைப்ரரியன்கிட்ட போய் சொல்லுங்க.