ஆண் எதற்கு? தனியே பெருகுவதும் இணை சேர்வதும்

கணக்குப் பார்த்தால் இணை சேர்ந்து பெருகுவது நஷ்டம்தான். தாய்க்கு 4 குட்டி என்று வையுங்கள். துணையில்லாமல் பெருகும் இனத்தில் நாலும் பெண், நாலும் மறுபடி ஈனும். மூன்றாம் தலைமுறையில் 64. இணை சேரும் இனத்தில் பாதி ஆண். அவை ஈனுவதில்லை, ஆகவே அதே மூன்றாம் தலைமுறையில் 16தான். தலைமுறைக்குத் தலைமுறை ஏறும் இந்த இருமடங்குச் செலவை 1970களில் பரிணாம உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் அழுத்தமாக எடுத்துச் சொன்னார்.

துணை தேடும் பாடு தனி. நம் தோட்டத்துப் புழுப்பாம்புக்கு அது இல்லை, அத்தனையும் பெண். பூத்தொட்டி மண்ணுக்குள் ஒன்றே ஒன்று கப்பலேறினாலும் போன இடத்தில் கூட்டம் பெருகிவிடும். பனாமாவின் துங்காரா தவளைக்கோ உயிரே பணயம். ஆண் நீளமாகக் கூவிவிட்டு 'சக்' என்று ஒரு ஒலியைச் சேர்த்தால் பெண்ணுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். அதே ஒலியைக் கேட்டுத் தவளை தின்னும் வௌவாலும் வந்துவிடும். மூட்டைப்பூச்சியில் அவதி பெண்ணுக்கு. ஆண் அதன் வயிற்றைக் குத்தித் துளைத்துத்தான் விந்தைச் செலுத்துகிறது. அடிக்கடி குத்துப்பட்ட பெண்களின் ஆயுள் குறைகிறது.

சரி, இத்தனை இழப்பு இருந்தும் பெரும்பாலான விலங்குகள் ஏன் இணை சேர்கின்றன? விடை தேட நியூசிலாந்துச் சேற்று நத்தையைத்தான் நான் முதலில் காட்டுவேன். சில மில்லிமீட்டர் நீளம்தான். ஒரே ஏரியில் இணை சேர்பவையும் உண்டு, தனியே பெருகும் பெண்களும் உண்டு. அங்குள்ள ஒட்டுண்ணித் தட்டைப்புழு ஒன்று நத்தைக்குள் புகுந்து அதை மலடாக்கிவிடும். தனியே பெருகுபவற்றில் எந்த வம்சம் ஏரியில் அதிகமாகிறதோ, கொஞ்ச காலத்தில் அதைத் தாக்கவல்ல புழுக்களும் பெருகிவிடுகின்றன. தாயின் அச்சாகவே பிறப்பதால் அந்த வம்சத்துக்குத் தப்ப வழியில்லை. இணை சேர்ந்து பிறந்தவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. புழுவுக்கு எல்லாமே சுலபமாகச் சிக்குவதில்லை. உயிரியலாளர் கர்டிஸ் லைவ்லியும் சகாக்களும் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்தப் புழுவைச் சுமக்கும் வாத்துகள் மேயும் கரையோர நீரில் தொற்று அதிகம். இணை சேரும் நத்தைகளும் அங்கேதான் அதிகம்.

என் கட்சி இதுதான்: நோய் துரத்தும் இடத்தில் ஆணுக்காகும் செலவு தகும், துரத்தாத இடத்தில் தகாது. இதே நத்தை 1987இல் அமெரிக்காவின் ஸ்நேக் ஆற்றில் தென்பட்டது. அதன் பழைய புழு அங்கே கூட வரவில்லை. அமெரிக்க ஓடைகளில் தனியே பெருகும் பெண்கள் சில இடங்களில் சதுர மீட்டருக்கு லட்சத்தைத் தாண்டிவிட்டன.