பழைய ஓவியத்துக்கு இன்ஃப்ராரெட் கேமரா: எதை வாங்கலாம்?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டுப் பூஜையறையில் பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது. வெண்ணெய்க் கிருஷ்ணர். வண்ணம் பூசுவதற்கு முன்னால் ஓவியர் போட்ட கோடு உள்ளே இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேமராக்களோடு போனேன்.

சிவப்பு, வெள்ளை போன்ற பல வண்ணங்கள், 700 நானோமீட்டருக்கு மேல் அலைநீளமுள்ள ஒளியை, அதாவது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டை, ஓரளவு உள்ளே விட்டுவிடும். அடியிலிருக்கும் சுண்ணப்பூச்சு அதைத் திருப்பி அனுப்பும். கரிக்கோடும் பென்சில் கோடும் விழுங்கிவிடும். அதனால்தான் படத்தில் கோடு கருப்பாகத் தெரிகிறது. கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு ஏறத்தாழ 1000 நானோமீட்டர் வரை பார்வை உண்டு. ஆனால் அதன் முன்னால் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்துத்தான் விற்கிறார்கள். அந்தக் கண்ணாடியை என்ன செய்வது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

கையில் இருக்கிற கேமராவிலேயே 720 ஃபில்டரை (ஏறத்தாழ 720 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுப்பது) லென்ஸுக்கு முன்னால் போட்டு எடுத்தால் செலவு குறைவு. ஆனால் அந்தக் கண்ணாடியைத் தாண்டிக் கசிவது பெரும்பாலும் சிவப்பை ஒட்டிய ஒளி மட்டுமே. எனக்கு அரை நிமிட எக்ஸ்போஷர் தேவைப்பட்டது. கிருஷ்ணரின் பின்னால் இருந்த சிவப்புத் திரை கொஞ்சம் வெளுத்ததே தவிர, கோடு எதுவும் வரவில்லை. பழகிப் பார்க்க இது போதும். ஓவிய ஆய்வுக்கு வேண்டாம்.

பழைய சோனி எஃப்717, எஃப்828 செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் பலரும் ஆசைப்படுவார்கள். இருட்டில் படமெடுக்க வைத்திருக்கும் நைட்ஷாட் பொத்தானைத் தட்டினால் தடுப்புக் கண்ணாடி தானாக விலகிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், அந்த நிலையில் எக்ஸ்போஷர் நம் கையில் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் படம் வெளுத்துப் போகும். அதைச் சமாளிக்க ஒளி குறைக்கும் ஃபில்டர்களை அடுக்க வேண்டும். 717-இல் 5 மெகாபிக்சல்தான், 828-இல் 8. சிக்மா எஸ்டி குவாட்ரோவில் தடுப்புக் கண்ணாடியை நாமே கழற்றி மாட்டலாம், நல்ல யோசனை. ஆனால் அதில் லென்ஸ் மாட்டும் அமைப்பு (மவுண்ட்) தனி என்பதால் நான் வாங்கவில்லை.

என் ஓட்டு பழைய மிரர்லெஸ் ஒன்றுக்குத்தான். சோனி ஏ6000 மாதிரி 24 மெகாபிக்சல் பாடியை வாங்கி, தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு, எல்லா ஒளியையும் விடும் கண்ணாடியைப் பொருத்துவது. இதற்கு ஃபுல் ஸ்பெக்ட்ரம் மாற்றம் என்று பெயர். உள்ளேயே 720 ஃபில்டரை நிரந்தரமாகப் பொருத்தித் தருகிறேன் என்று சொல்லும் கடைகளும் உண்டு. ஓவியத்துக்கு அது வேண்டாம். 720-இல் ஒரு படம், 850-இல் ஒரு படம் என்று லென்ஸுக்கு முன்னால் ஃபில்டரை மாற்றி எடுத்து ஒப்பிட முடிவதுதான் இதில் பெரிய லாபம். டிஎஸ்எல்ஆரிலும் இதே மாற்றத்தைச் செய்யலாம். ஆனால் இன்ஃப்ராரெட்டுக்கு ஃபோகஸ் தள்ளிப் போகும், கருப்பு ஃபில்டர் வழியாக வ்யூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. மிரர்லெஸ்ஸில் சென்சார் பார்ப்பதையே திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிடலாம்.

எனக்கு முதலில் மாற்றிக் கொடுத்தவர் கண்ணாடிக்கு அடியில் தூசியை விட்டுவிட்டார். வெள்ளைச் சுவரை எடுத்தபோதுதான் தெரிந்தது. நீங்களும் வாங்கும்போதே அந்தச் சுவர்ச் சோதனையைச் செய்யுங்கள். லென்ஸின் துளையை எஃப்11 வரை சுருக்கி எடுத்தால், சில லென்ஸ்கள் நடுவில் வெள்ளை வட்டம் போடுவதும் அப்போதே தெரிந்துவிடும்.

வெளிச்சத்துக்கு எல்இடி உதவாது. வெள்ளை எல்இடியில் இன்ஃப்ராரெட் அநேகமாக இல்லை. ஹேலஜன் வேண்டும், அப்புறம் அதன் சூடும் வரும். "ஏன் கண்ணு, இந்தச் சூடு சாமி படத்துக்கு ஆகுமா?" என்று அந்த வீட்டு அமுச்சி கேட்டது நியாயமான கேள்வி. விளக்குகளை நன்றாகத் தள்ளி இருபக்கமும் வைத்து, எடுக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டோம்.

சிலிக்கானுக்குப் பதில் இண்டியம் காலியம் ஆர்சனைடால் செய்த இன்காஸ் (InGaAs) சென்சார் கேமரா 1700 நானோமீட்டர் வரை போகும். மலாக்கைட் போன்ற செம்புப் பச்சைக்கு அடியில் பார்க்க சிலிக்கானைவிட அதுவே மேல். ஆனால் விலை பல லட்சம், சென்சாரில் பிக்சலும் குறைவு. மியூசியமோ ஆய்வுக்கூடமோ வாங்கட்டும்.

850 ஃபில்டரில் கிருஷ்ணரின் வலது கை தெளிந்து வந்தது. வெண்ணெய் உருண்டையை ஓவியர் முதலில் இரண்டு விரல் அளவு மேலே போட்டிருக்கிறார், பிறகு கீழே இறக்கியிருக்கிறார். பழைய வட்டம் மெல்லிய கோடாக அப்படியே இருந்தது. ஆனால் தலைக்கு மேல் உள்ள தோரணப் பகுதி எந்த ஃபில்டரிலும் கருப்புத்தான். பூஜை விளக்கின் புகை படிந்த இடம் அது, புகையும் கரிதானே. ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவர் அதைச் சுத்தம் செய்த பிறகு திரும்ப எடுக்க வேண்டும். தை முடிந்ததும் வருகிறேன் என்று அமுச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.