ஆட்டோமேட்டிக் டிரைலரா, கை கியரா? இரண்டையும் வைத்து ஓட்டியவரின் அனுபவம்

எங்களிடம் இரண்டு கன்டெய்னர் டிரைலர்கள் ஓடுகின்றன. இரண்டுமே பி.எஸ். 6 வண்டிகள். ஒன்று 9 கியர் போட்ட கை கியர் வண்டி. இன்னொன்று கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி., டிரைவர்கள் வாயில் அது வெறும் ‘ஆட்டோமேட்டிக்’. வேலை பெரும்பாலும் சென்னைத் துறைமுகம், காட்டுப்பள்ளி, மணலி யார்டுகளிலிருந்து ஓசூர், பெங்களூர் ஒயிட்ஃபீல்டு வரை. அவ்வப்போது சேலம், கோயம்புத்தூர். டிரைவர் ஊருக்குப் போனால் நானே ஸ்டியரிங் பிடிப்பேன். வண்டி எடுக்க நினைக்கும் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “ஆட்டோமேட்டிக் எடுத்தா டிரைவர் ஒத்துக்குவானா?” அதற்கான பதில்தான் இது. கம்பெனிப் பெயர் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை நிறை பெரும்பாலும் எந்த கம்பெனி ஏ.எம்.டி.க்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். லாரியில் வரும் ஏ.எம்.டி. என்பது புது மாதிரி கியர்பாக்ஸ் இல்லை. உள்ளே இருப்பது நம் பழைய பல்சக்கரமும் அதே கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் காலும் கையும் செய்யாமல், கம்ப்யூட்டர் சொல்படி காற்று செய்கிறது. ஆலிசன் போன்ற முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவை போகும். அது வேறு சாதி. ஏ.எம்.டி.யில் பிளேட் தேயும், சூடாகும், கருகும். அதை யார் கருக்குகிறார்கள் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. டிரைவர்களுக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முன்னால் ஒரு வண்டி நீளம் நகரும், நாமும் நகர்வோம், நிற்போம். மறுபடி கிளட்ச், ஒண்ணாவது, விடு, பிரேக். இப்படியே பாதி ராத்திரி போகும். கிளட்சை லேசாக்கும் பூஸ்டர் இருந்தாலும் அந்த பெடலை ஆயிரம் தடவை மிதித்தால் இடது முழங்கால் மறுநாளும் பேசும். எங்கள் மூத்த டிரைவர், தர்மபுரிக்காரர், கேபினிலிருந்து இறங்கும்போது கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுத்தான் காலைத் தரையில் வைப்பார். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏறிய பையனுக்கு அந்தத் தொல்லை இல்லை. வரிசையில் நின்றபடியே இடது காலை மடக்கி சீட்டில் போட்டுக்கொள்கிறான். இந்த ஒரு விஷயத்தில் வாதமே இல்லை. துறைமுக வேலைக்கு ஆட்டோமேட்டிக்தான்.

ஆனால் வரிசையிலும் ஒரு பழக்கம் வேண்டும். முன்வண்டி ஒரு அடி நகர்ந்தால் நாமும் ஒரு அடி நகர்வது கை கியர் காலத்துப் புத்தி, இடையில் வேறு எவனாவது நுழைந்துவிடுவான் என்ற பயம். ஆட்டோமேட்டிக்கில் அப்படி ஊர்ந்தால் பிளேட் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வண்டி நீளம் இடம் விட்டு, பிறகு ஒரே எடுப்பாக எடுத்து நிறுத்த வேண்டும். இன்னொரு கெட்ட பழக்கம், மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பது. கை கியரில் ஹாஃப் கிளட்சில் நிறுத்துபவனுக்குப் பிளேட் கடிப்பது பாதத்திலேயே தெரியும். இதில் பாதத்துக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்பிளேயில் கிளட்ச் சூடு என்று எச்சரிக்கை வந்து பீப் அடிக்கும்போதுதான் தெரியும். அதற்குள் கருகல் வாசனை கேபினுக்குள் வந்திருக்கும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு பட்டன் எதற்கு இருக்கிறது என்று ஒருவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு பிளேட் செலவானது.

ரிவர்ஸில் கை கியர்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குடோனில் சரக்கு இறக்கும் மேடையில் 40 அடி கன்டெய்னரைப் பின்னால் ஒட்டும்போது கடைசி ஓரடிதான் வேலையே. கை கியரில் கிளட்சைத் தொட்டும் தொடாமலும் ரப்பர் பேடில் முத்தமிட்ட மாதிரி நிறுத்துவார்கள். ஆட்டோமேட்டிக் அந்த இடத்தில் ஒன்று நகராது, இல்லாவிட்டால் தேவைக்கு மேல் நகரும். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்ததற்கும் வண்டி எடுப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அது பழகும்வரை எரிச்சல்தான். மழைக்காலத்தில் யார்டு சேற்றில் சக்கரம் இறங்கினாலும் அப்படியே. முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கும் வித்தை கிளட்ச் கையில் இருப்பவனுக்கு. இதில் கியரை நாமே தேர்ந்தெடுக்கும் மேனுவல் மோடில் போட்டு, தாழ்ந்த கியரில் பூட்டி, பொறுமையாக எடுக்க வேண்டும்.

ஏற்றத்தில்? பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்த உயரத்தையெல்லாம் எங்கோ ஏறித்தானே ஆக வேண்டும்? கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை, சூளகிரி பக்கம் வரும்போது அது தெரியும். ஆட்டோமேட்டிக் ஏற்றம் வந்த பிறகுதான் ஏற்றம் என்று கண்டுபிடிக்கும். கை கியர் டிரைவர் தூரத்தில் வளைவைப் பார்க்கும்போதே கியரை இறக்கி, ஆர்.பி.எம்.மைப் பிடித்து வைத்திருப்பார். “நடு ஏத்தத்துல நின்னு யோசிக்குதுண்ணே இது” என்பது நான் அதிகம் கேட்ட புகார். கியர் மாறும் அந்த ஒரு நொடியில் இழுவை விடுபட்டு, ஏற்றத்தில் 5 கிலோமீட்டர் வேகம் விழுந்துவிடும். தீர்வு சுலபம், ஏற்றத்துக்கு முன்பே மேனுவலில் போட்டு இறக்கிக்கொள்வது. ஆனால் ஆட்டோமேட்டிக் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி நம்மையே கியர் போடச் சொல்கிறார்களே என்ற கடுப்பு அவர்களுக்கு உண்டு.

இறக்கம் வேறு கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் வரும்போது தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் பக்கம் முழுக்க இறக்கம். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றி இந்த லைனில் ஓடுகிற யாருக்கும் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது நம் ஆட்களிடம் தலைமுறையாக வரும் பழக்கம். நியூட்ரலில் போட்டுவிட்டால், எஞ்சின் புகையை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் செத்துவிடும், எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, மொத்த பாரமும் சக்கரத்து பிரேக் டிரம் மேல். இரண்டு வளைவுக்குள் டிரம் சூடாகி, மிதித்தால் வெறும் காற்றுதான் போகும், பிடிமானம் இருக்காது.

இதில் பலருக்கு இன்னும் தெரியாதது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் கணக்கில் டீசல் விடும் இன்றைய காமன் ரயில் எஞ்சினில் கியரில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், இஞ்செக்டர் டீசலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். அதாவது செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர் உயிரைப் பணயம் வைத்து டீசலைச் செலவழிக்கிறார். பழைய பம்பு எஞ்சின் காலத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் டிஸ்பிளேயில் அந்த நேரத்து டீசல் கணக்கு பூஜ்யம் காட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருக்கிறேன். அப்படியும் முழுதாக நம்பியவர் பாதிப் பேர்தான்.

எங்கள் ஆட்டோமேட்டிக் இறக்கத்தில் நல்ல பிள்ளை. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டதும் தானே கியரை இறக்கி ஆர்.பி.எம்.மை ஏற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் உச்சியில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்றம் முடிந்து பாரம் குறைந்ததும் கம்ப்யூட்டர் ‘சரி, சமதளம் வந்துவிட்டது’ என்று கியரை ஏற்றிவிடும், அடுத்த நிமிடம் இறக்கம் தொடங்கும். அதனால் எங்கள் வண்டியில் விதி ஒன்றுதான்: கணவாய் தொடங்கும் முன்பே மேனுவல் மோடு, எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. தர்மபுரிக்காரர் இந்த விஷயத்தில் ஆட்டோமேட்டிக்கை ஒத்துக்கொண்டார். “புதுப் பசங்க கையில இது இருக்கறதுதான் நல்லது தம்பி, அவனுங்களா நியூட்ரல் போட மாட்டானுங்க” என்றார். தனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏன் வேண்டாம் என்பதற்குப் பணமும் ஒரு காரணம். லோடு டிரைலருக்கு லிட்டருக்கு 3 கிலோமீட்டரை ஒட்டித்தான் மைலேஜ், டீசல் 90 ரூபாய்க்கு மேல். எங்களிடம் மைலேஜ் கணக்கு வைத்து, மிச்சமாகும் டீசலில் டிரைவருக்குப் பங்கு உண்டு. கை கியரில் நல்ல டிரைவருக்கும் சுமார் டிரைவருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தர்மபுரிக்காரர் அந்தப் பணத்திலேயே மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறார். ஆட்டோமேட்டிக்கில் சுமார் டிரைவர் மேலே வந்துவிட்டார், கெட்டிக்காரர் அங்கேயே நிற்கிறார். எனக்கு லாபம். அவருக்கு இருபது வருடத் தொழில் ஞானத்தின் விலை குறைந்துவிட்டது. ‘பழசைப் பிடித்துத் தொங்குகிறார்கள்’ என்று ஷோரூம்காரர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கணக்குப் போட்டுத்தான் மறுக்கிறார்.

இதைவிடப் பெரிய காரணம் வழியில் நிற்பது. ஒரு மழை ராத்திரி வாணியம்பாடி தாண்டி ஆட்டோமேட்டிக் வண்டி நியூட்ரலில் நின்றுவிட்டது. டிஸ்பிளேயில் ஏதோ ஒரு பழுது எண், எந்த கியரும் விழவில்லை. பக்கத்து ஊர் மெக்கானிக் டார்ச்சோடு வந்தார், கீழே படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “கிளட்ச் ஒயர், பூஸ்டர்னா நான் இப்பவே ஓட்டி விட்டுருப்பேன். இதுல கை வச்சா நாளைக்கு என்னைச் சொல்லுவீங்க.” ஹெல்ப்லைனுக்கு அடித்தால் வண்டி எண், கிலோமீட்டர், இருக்கும் இடம் என்று மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். லேப்டாப்போடு ஆள் வந்தது மறுநாள் மதியம். பழுது என்னவென்றால், கியர்பாக்ஸ் சென்சாருக்குப் போகும் ஒரு கனெக்டரில் தண்ணீர். துடைத்து, ஊதி, மாட்டினார், ஓடியது. அதுவரை எங்கள் பையன் தனியாக, சாப்பாட்டுக்குக்கூட வண்டியை விட்டு நகர முடியாமல், கன்டெய்னர் சீலுக்குக் காவல்.

மறு வாரம் அந்தப் பையன் கை கியர் வண்டி கேட்டான். ஜீரோ கேட் வரிசையில் காலை மடக்கி உட்கார்ந்த அதே பையன். அப்புறம் பேசிப் பார்த்ததில் கியரைப் பற்றி அவனுக்கு ஒரு புகாரும் இல்லை. நின்ற நேரத்துக்குப் படி உண்டா, தாமதத்துக்குச் சரக்குக்காரர் பிடித்துக்கொள்ளும் பணம் யார் தலையில், ராத்திரியில் போன் எடுப்பது யார் என்பதுதான் கேள்வி. வண்டிப் பழுதால் நிற்கும் நாளுக்கு முழுப் படி என்று எழுதிக் கொடுத்தோம். வழியில் இருக்கும் சர்வீஸ் சென்டர்களின் எண்களை கேபினில் ஒட்டினோம். கனெக்டர்களுக்கு கிரீஸ் போட்டு உறை மாட்டுவது மாதாந்திர வேலையாகிவிட்டது. அவன் மறுபடி ஆட்டோமேட்டிக்குக்கே வந்துவிட்டான். ‘டிரைவர்களுக்கு ஆட்டோமேட்டிக் பிடிக்காது’ என்று பேசும் ஓனர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கை கியரில் பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியை விட்டு இழுத்தாவது ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி கிடையாது. கரண்ட் இல்லாவிட்டால் கிளட்ச் அசையாது. கேபினில் போன் சார்ஜர், ஃபேன், டி.வி. என்று மாட்டுபவர்கள் கவனிக்க. 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம் என்பதால், எஞ்சினை நிறுத்தினாலும் புளோயரை ஓடவிட்டுத் தூங்கும் பழக்கம் இனி கூடத்தான் போகிறது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பார்கள். ஐரோப்பாவில் வால்வோ 2001-லேயே 12 கியர் ஐ-ஷிஃப்டைக் கொண்டுவந்துவிட்டது. இன்று அங்கே புது ஹெவி டிரக்கில் கை கியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கனடாவில் ஒன்ராறியோவில் ஓட்டும் நம் ஆட்கள் சொல்வது இன்னொன்று. 2022 ஜூலையிலிருந்து அங்கே ஆட்டோமேட்டிக்கில் டிரைலர் டெஸ்ட் கொடுத்தால், கை கியர் டிரைலர் ஓட்டக்கூடாது என்று லைசென்ஸிலேயே குறித்துவிடுகிறார்கள். அதனால் கை கியரில் டெஸ்ட் கொடுத்தவருக்கு அங்கே இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி: துறைமுகம், மணலி, ஸ்ரீபெரும்புதூர் சுற்றும் வேலைக்கு ஆட்டோமேட்டிக், சேலம், கோவை லைனுக்குக் கை கியர், தர்மபுரிக்காரர் கையில். எடுக்க நினைப்பவர்கள் ஷோரூமில் மைலேஜை மட்டும் கேட்காமல், உங்கள் ரூட்டில் ராத்திரி லேப்டாப்போடு வரக்கூடிய ஆள் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். மேனுவல் மோடில் கியரைப் பூட்டி வைத்தால் அது பூட்டியே இருக்குமா, இல்லை கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு மாற்றுமா என்று லோடோடு ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியில் டெஸ்ட் டிரைவ் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. மறுவிற்பனையில் கொஞ்சம் இடிக்கும் போலிருக்கிறது. பழைய லாரி வாங்கி விற்கும் சங்ககிரி புரோக்கர் ஒருவரிடம் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன். கை கியருக்கு உடனே ஒரு தொகை சொன்னார், ஆட்டோமேட்டிக்குக்கு “வண்டியைக் கொண்டு வாங்கண்ணே, பார்த்துட்டுப் பேசலாம்” என்றார்.