கழுத்து மடிப்பா, காதுக்குப் பின்னாலா?

சோற்றில் கை வைத்ததும் தாடைக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து, சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் வடிந்துவிடுகிறது என்றால், தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயில் கல் இருக்கலாம். உமிழ்நீர்க் கற்களில் பத்தில் எட்டு இங்கேதான் உருவாகின்றன. திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தாலோ கட்டி வந்தாலோ சுரப்பியையே எடுக்க வேண்டிவரும். எங்கே கீறி எடுப்பது என்பதுதான் கேள்வி.

பழைய முறையில் தாடை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே, கழுத்து மடிப்பை ஒட்டிக் கீறுவார்கள். அந்த இரண்டு விரற்கடை அழகுக்காக விட்டது அல்ல. கீழுதட்டை அசைக்கும் முகநரம்புக் கிளை தாடை விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. அது அடிபட்டால் சிரிக்கும்போது வாய் கோணும். இந்த முறைக்கு நேரமும் செலவும் குறைவு, கைப்பழக்கம் உள்ளவர்களும் அதிகம். நடுவயதுக்காரரின் கழுத்தில் இந்தத் தழும்பு நாளடைவில் இன்னொரு மடிப்பாகவே தெரியும்.

காதுக்குப் பின்னால் வழி போட்டு ரோபோவால் எடுக்கும் முறை தென் கொரியாவில் வளர்ந்தது. தைராய்டை அக்குள் வழியே ரோபோவால் எடுப்பதை 2007இல் தொடங்கியவர்களும் அந்நாட்டு மருத்துவர்களே. காது மடலின் பின்புறம் ஏறி, பிறகு முடியோரமாகக் கீறல் இறங்குகிறது. பின்னல் போட்டாலும் வெளியே தெரிவது அரிது. ஆனால் விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு: அந்தக் கீறல் கழுத்துக் கீறலைவிட நீளமானது. தழும்பு சிறுக்கவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அங்கிருந்து தாடை வரை தோலை உயர்த்திச் சுரங்கம்போல் வழி அமைக்க வேண்டும். அதையும் மருத்துவர் கையாலேயே செய்கிறார். பிறகுதான் மருத்துவர் இயக்கும் டாவின்சி என்னும் ரோபோவின் கைகள் உள்ளே நுழைகின்றன. காது மடல் சில மாதங்கள் மரத்துப்போகக்கூடும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும்; காதைச் சுற்றிய தோலில் கீலாய்டு எனப்படும் அந்தத் தடித்த தழும்பு வருவது சகஜம். உதட்டு நரம்புக்கு உள்ள ஆபத்து இந்த வழியிலும் நீங்குவதில்லை.

வாய்க்குள், நாக்கின் அடியில் கீறியும் சுரப்பியை எடுக்கலாம். வெளியே தழும்பே இல்லை. இடமோ குறுகல், நாக்குக்குப் போகும் நரம்பு இழுபட்டு, சில வாரங்கள் உணர்ச்சி குறையலாம்.

புற்றுநோய்ச் சந்தேகம் வலுவாக இருந்தால் இந்தத் தழும்புக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். சாதாரணக் கட்டி, இளவயது, கழுத்தில் தழும்பு தெரிந்தால் மனம் ஒப்பாது, கையில் பணமும் இருக்கிறது என்றால் காது வழி நியாயம்தான். மற்றவர்களுக்குக் கழுத்து மடிப்பையே சொல்வேன்.

கல் மட்டும்தான் சிக்கல் என்றால் சுரப்பியை எடுக்கச் சம்மதிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: குழாய்க்குள் நுழையும் மெல்லிய எண்டோஸ்கோப்பால், அதாவது கேமராக் குழாயால், கல்லை எடுக்க முடியாதா? 4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல்லைப் பெரும்பாலும் அப்படியே சிறு கம்பிக் கூடை போட்டு எடுத்துவிடலாம். சுரப்பியின் வாசலில் சிக்கிய பெரிய கல்லுக்கு வாய் வழியே ரோபோவின் உதவியும் உண்டு; நாக்கு நரம்பை முப்பரிமாணத்தில் பெரிதாகப் பார்த்தபடி ஒதுக்கிவிட்டுக் கல்லை மட்டும் எடுப்பார்கள். ரோபோவுக்கு நான் அதிக மதிப்பெண் போடுவது இந்த வேலைக்குத்தான். சுரப்பியும் தப்புகிறது, கழுத்திலும் காதிலும் கத்தி படுவதில்லை.