அப்பாவின் யாஷிகாவை அனுப்பினேன், அதே பெட்டியில் வேறொரு கேமரா திரும்பி வந்தது

பழைய ஃபிலிம் கேமராவைச் செயலி வழியாக விற்க நினைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். 18,500 ரூபாய் போய்விட்டது. கேமராவும் போய்விட்டது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்ற செய்தி இன்று காலை பதினோரு மணிக்கு வந்தது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

செயலியின் பெயரை எழுதவில்லை. வீட்டில் கிடக்கும் பழைய பொருளை நாமே படம் பிடித்துப் போட்டால், வாங்க வருபவரிடம் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கூரியரையும் தாங்களே ஏற்பாடு செய்யும் வகைச் செயலி அது. பொருள் போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆனதும் பணம் நம் கணக்குக்கு வரும் என்பார்கள். பணம் பத்திரமாக இருக்கும் என்பதை நம்பித்தான் அதில் போட்டேன். அந்தப் பத்திரம் வாங்குபவருக்கு மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

கேமரா யாஷிகா மேட் 124ஜி. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் இருக்கும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. கழுத்தில் தொங்கவிட்டு, வயிற்றுக்கு நேராக வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். அப்பா தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். 1984-இல் கடன் வாங்கி இதை வாங்கினார். ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான், அதனால் அவசரப்பட்டு ஒரு படமும் எடுக்க மாட்டார். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் என்று அவர் இந்தக் கேமராவோடு போகாத கல்யாண வீடு இல்லை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாமி விக்கிரகங்கள் புறப்படும் ஊர்வலத்தை ஒவ்வோர் ஆண்டும் எடுத்தார். 2000 ஜனவரி 1 அன்று 133 அடி திருவள்ளுவர் சிலையைத் திறந்தபோது, கன்னியாகுமரிக் கரையில் கூட்டத்தோடு கூட்டமாக இதே கேமராவுடன் நின்றார். அதன் ஒளிமானிக்கு வேண்டிய பாதரச பேட்டரி கடைகளில் கிடைக்காமல் போன பிறகும், வெயிலைப் பார்த்தே கணக்குப் போட்டு எடுத்தார்.

இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் வரும்போதெல்லாம் அப்பா கேமராவைத் தகர டப்பாவில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருப்பார். நாற்பது ஆண்டு பூஞ்சை அண்டாமல் காப்பாற்றிய லென்ஸ். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அப்பா கடைசி எட்டு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். வீடு வீடாகச் சென்று படுக்கை நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு சிறிய குழு எங்கள் பகுதியில் இருக்கிறது. அவர்கள்தான் சக்கர நாற்காலியும், படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தையும் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அப்பா போன பிறகு கேமராவை விற்று அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று அம்மாதான் சொன்னார். "சும்மா அலமாரியில் இருந்து என்ன செய்யப் போகிறது மக்களே, நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார். ஒரு சக்கர நாற்காலி 7,500 ரூபாய், இரண்டு காற்று மெத்தை 11,000 ரூபாய். ஆகமொத்தம் 18,500 ரூபாய். ஒரு மெத்தை யாருக்கு என்பதுகூட முடிவாகியிருந்தது. பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு.

கேமராவை 18,000 ரூபாய்க்குப் போட்டேன். யாருக்காக விற்கிறேன் என்பதையும் இரண்டு வரியில் எழுதியிருந்தேன். அதுதான் அவனுக்குப் பிடி கொடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வெளிமாவட்டத்திலிருந்து ஓர் இளைஞன் அழைத்தான். குரலில் அவ்வளவு பணிவு. "அக்கா, என் அப்பாவும் ஸ்டுடியோ வைத்திருந்தவர்தான்" என்றான். பேரம் பேசவில்லை. லென்சைப் பற்றிக் கேட்டான். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் 'பி' நிலையில் வைத்து, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். கண்ணாடி துடைத்து வைத்தது போல இருந்தது, அதைப் படமும் எடுத்து அனுப்பினேன். பிறகு அவன் சொன்னதை மறக்கவே முடியாது. "நல்ல காரியத்துக்குப் போகிற பணம், 18,500-ஆகப் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா, என் பங்காக ஐநூறு ரூபாய் இருக்கட்டும்."

விலையைக் குறைக்கச் சொல்லி அடித்துப் பேசியிருந்தால் நான் உஷாராக இருந்திருப்பேன். அவன் ஐநூறு ரூபாய் கூட்டினான். அந்த ஐநூறு ரூபாயில் நான் விழுந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கினார். கேமராவை அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் சுற்றி, செய்தித்தாளை அடைத்துப் பெட்டியை நானே கட்டினேன். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தக்கலையிலிருந்து அனுப்பினேன்.

பார்சல் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மாலை, பணம் எனக்கு வந்திருக்க வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால், "லென்சில் பூஞ்சை உள்ளது, விவரித்தபடி பொருள் இல்லை" என்று அவன் புகார் போட்டிருந்தான். செயலி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பி அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டது.

ஒரு வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. நான் ஒட்டிய அதே சீட்டு, அதே பெட்டி. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்றேன். கொண்டுவந்த பையன், "முதலில் ஓ.டி.பி. சொல்லுங்கள் அக்கா, அதற்கு முன்னால் பிரிக்க எங்களுக்கு அனுமதி இல்லை, இன்னும் இருபது வீட்டுக்குப் போக வேண்டும்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வெயிலில் வியர்த்துப்போய் நின்றான். எண்ணைச் சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குள் அதே வேட்டித் துண்டு இருந்தது. துண்டுக்குள் வேறொரு கேமரா. அதுவும் யாஷிகாதான், அதே வகைதான். சுற்றும் கைப்பிடி பாதியில் நின்றுவிடுகிறது, ஷட்டர் விழவில்லை. லென்சுக்குள் சிலந்தி வலை கட்டியது போலப் பூஞ்சை. அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. "இது அப்பாவுடையது இல்லை" என்று கீழே வைத்துவிட்டார்.

அப்பாவின் ஸ்டுடியோக் கணக்குப் புத்தகத்தில், 1984-ஆம் ஆண்டுப் பக்கத்தில், கேமராவின் எண் அவர் கையெழுத்தில் இருக்கிறது. வந்த கேமராவின் எண் வேறு. அந்தப் பக்கத்தையும் வந்த கேமராவையும் படம் எடுத்து அனுப்பினேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரம் காத்திருங்கள்" என்றார்கள். காத்திருந்தேன். வேறொருவர் வந்து முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாமவர், கையால் எழுதிய புத்தகம் ஆதாரமாகாது, பொருளைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார். அப்படி ஒரு வீடியோ வேண்டும் என்று விற்கும்போது எந்த இடத்திலும் என் கண்ணில் படும்படி சொல்லவில்லை. நான்காவது முறை தொலைபேசியில் ஒரு பெண் கிடைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேடம், இரண்டுமே யாஷிகாதானே? ஓ.டி.பி. கொடுத்துப் பொருளைப் பெற்றுக்கொண்டதாக உறுதி செய்துவிட்டீர்களே" என்றார். படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் போக வேண்டிய பணம் என்று சொன்னேன். அது தங்கள் விதிமுறைக்குள் வராது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அன்று இரவே 18,500 ரூபாயை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு என்று என் கணக்கில் 380 ரூபாய் பற்று எழுதியிருக்கிறார்கள். என் கேமராவைத் திருட எனக்கே கூலி போட்டிருக்கிறார்கள்.

அவனை அழைத்தேன். முதல் நாள் எடுத்தான். "நீங்கள் அனுப்பியதைத்தான் திருப்பி அனுப்பினேன்" என்றான். அக்கா என்ற வார்த்தை இல்லை. அடுத்த நாளிலிருந்து என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை.

சைபர் குற்றங்களுக்கான 1930-இல் பதிவு செய்துவிட்டேன், காவல் நிலையத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைத்தேன். மின்வணிக நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அந்த அலுவலரின் மின்னஞ்சலைச் செயலியின் அடி ஆழத்தில் தேடிப் பிடித்து எழுதினேன். அங்கிருந்து வந்த பதில்தான் இன்று காலைச் செய்தி. அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். விடுவதாக இல்லை.

அந்தக் குழுவின் செவிலியர் அக்கா நேற்று அழைத்தார். பணம் கேட்டு அழைக்கவில்லை, அம்மாவின் நலம் விசாரிக்கத்தான் அழைத்தார். எனக்குத்தான் பேச வாய் வரவில்லை. என் சம்பளத்திலிருந்து 5,500 ரூபாய் எடுத்து ஒரு மெத்தை வாங்கிக் கொடுத்துவிட்டேன், பனையிலிருந்து விழுந்தவருக்கு அது போய்விட்டது. நாற்காலியும் இன்னொரு மெத்தையும் பாக்கி.

விரிவாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவின் எண் தெரியும்படி, பெட்டியை மூடிச் சீட்டு ஒட்டும் வரை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். திரும்பி வரும் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள், கொண்டுவந்தவர் என்ன அவசரம் சொன்னாலும் சரி. முடிந்தால் நேரில் வந்து பார்த்து வாங்குபவருக்கே கொடுங்கள். எதற்காக விற்கிறீர்கள் என்று எழுதவே எழுதாதீர்கள். கேட்ட விலைக்கு மேல் கொடுக்க ஒருவன் முன்வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழைய கேமரா வாங்குபவர்கள், பழுது பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. என் அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி-யின் எண் 417 என்று முடியும். ஃபிலிம் போடும் பின்கதவின் உட்புறம் வலது ஓரத்தில், ஊசியால் கீறிய சிறிய 'த' இருக்கும். தோல் உறையின் வார் ஒரு பக்கம் அறுந்து, கறுப்பு நூலால் தைத்திருக்கும். உங்கள் கைக்கு வந்தால் தயவுசெய்து வாங்கி வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள். நீங்கள் கொடுத்த விலையை நான் கொடுத்துவிடுகிறேன்.