70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியா, 6 அங்குல டாப்சோனியனா?

முதல் தொலைநோக்கி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்பது, முக்காலியில் பொருத்தும் 70 மி.மீ. விட்ட லென்ஸ் தொலைநோக்கிக்கும், தரையில் வைத்துத் திருப்பும் 150 மி.மீ. (6 அங்குல) விட்டக் குழியாடி கொண்ட டாப்சோனியனுக்கும் இடையில்தான். முன்னது இலேசானது, விலையும் குறைவு. நிலாவின் பள்ளங்களையும் வியாழனின் 4 பெரிய நிலவுகளையும் சனியின் வளையத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம். பெட்டியின்மேல் 500 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். ஏறக்குறைய 140 மடங்கைத் தாண்டினால் பிம்பம் பெரிதாகுமே தவிரத் தெளிவாகாது.

டாப்சோனியன் அதைவிட ஏறத்தாழ 4.6 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துக் களத்திலிருந்து தெற்கே ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தை நோக்கினால், சிறியதில் பஞ்சுத் துணுக்காகத் தெரிவது, இதில் அரிசிக் குருணையை இறைத்ததுபோல் புள்ளி புள்ளியாகப் பிரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் மெல்லிய முக்காலி நடுங்க, சனி பார்வைக்குள் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்துக்காகவே நான் டாப்சோனியன் பக்கம் சாய்கிறேன்.

ஆயினும் அதன் எடை 15 கிலோ அளவில் இருக்கும். ஆடிகளையும் அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும். கோவை நகருக்குள் மின்தூக்கியில்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் லென்ஸ் தொலைநோக்கியையே, சற்றுக் கனத்த முக்காலியோடு வாங்கலாம்.